திசையறிதலும் சுக்கான் பிடித்தலும்

கடற்கரையிலிருந்து மிகத் தொலைவில், நாற்புறமும் மலைகள் சூழ்ந்த பதுளையில் இருந்துகொண்டு சிறு படகுகளின் வழிகாட்டும் கருவிகளைப் பற்றிச் சிந்திப்பது பொருத்தமற்ற முயற்சியென வாசகர் சிலர் எண்ணக்கூடும். ஆயினும் ஊவாவின் தேயிலைத் தோட்டங்களில் வாழும் தமிழ் மக்களின் வரலாறு ஒரு கடற்பயணத்திலேயே தொடங்குகின்றது என்பதை நாம் மறந்துவிடலாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவர்தம் முன்னோருட் பலர் பாக்குநீரிணையைத் தோணிகளிற் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்து, அதன் பின்னரே மலையேறினர். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையிலான கப்பற் சேவை 1914 இலேயே தொடங்கிற்று. புகையிரதப் பாதை பதுளையை எட்டியது 1924 இலேயாம். அதற்கு முந்திய தலைமுறையினருக்குக் கடல் என்பது தோணியே. மலை என்பது கால்நடையே.

அத்தோணிகளில் அவர்கள் பயணிகளாயிருந்தனர். விண்மீனை நோக்கித் திசையறிந்தவன் ஒருவன் இருந்தான். சுக்கானைப் பிடித்தவனும் அவனே, அல்லது அவனுக்கு அருகில் இருந்தவன். அடித்தட்டில் நெருங்கி அமர்ந்திருந்தோருக்கு எத்திசை செல்கின்றோம் என்பதும் தெரியாது. தெரிந்திருப்பினும் தோணியைத் திருப்பும் ஆற்றல் அவர்களிடம் இல்லை. இச்சிறு காட்சியை வாசகர் மனத்திருத்துவாராக. இக்கட்டுரை எழுப்ப விழையும் வினா இதனுள்ளேயே அடங்கியிருக்கின்றது.

சிறு கலங்களில் மரபுவழிக் கருவிகளைப் பேணுவதா, மின்னணுக் கருவிகளை நம்புவதா என்னும் விவாதம் கடலோரச் சமூகங்களில் நெடுங்காலமாக நிகழ்ந்து வருகின்றது. ஒரு சாரார் முன்னோரின் அறிவு அழிகின்றதே என வருந்துவர்; மற்றொரு சாரார் உயிர்காக்கும் கருவியை மறுப்பது மடமை என்பர். இவ்விரு சாராரும் கருவி எத்தகையது என்பதையே கேட்கின்றனர். அக்கருவி யாருக்குச் சொல்கின்றது, கேட்டவருக்குக் கலத்தைத் திருப்பும் உரிமை உண்டா என்னும் கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை. அறவியல் நோக்கில் அதுவே முதன்மையானது என நிறுவ முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மரபறிவின் இயல்பு

மரபுவழி வழியறிதல் என்பது ஒரு தனிக்கருவியின் பெயரன்று. பல அறிவுகளின் கூட்டு. வடகரைக் கடலோடிகள் காற்றை அது வரும் திசைக்கேற்ப வாடை, சோளகம், கொண்டல், கச்சான் எனப் பெயரிட்டு அறிந்திருந்தனர். நீரின் நிறமும், நீரோட்டத்தின் இழுப்பும், மாலையிற் கரை திரும்பும் பறவையும் அவர்களுக்குக் குறிகளாயின. கரை கண்ணுக்குத் தெரியும் தொலைவிற் கோபுரத்தையும் அதற்குப் பின்னாலுள்ள பனையையும் ஒரே நேர்கோட்டில் இருத்திப் படகின் இடத்தைக் கணித்தனர். ஆழங்குறைந்த பாக்குநீரிணையில் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழம் பார்த்தனர்.

நெடுந்தொலைவு சென்றோர் கயிறு கோத்த சிறு பலகையொன்றைப் பயன்படுத்தினர். பலகையின் கீழ்விளிம்பு அடிவானத்தையும் மேல்விளிம்பு துருவமீனையும் தொடுமாறு பிடித்துக்கொண்டு, கயிற்றின் முடிச்சைப் பல்லாற் கவ்வி, அது எத்தனையாம் முடிச்சு எனக் கண்டு தாம் நிற்கும் அகலக்கோட்டை அறிவர். அராபியர் இதனைக் கமால் என அழைத்தனர். சோழமண்டலக் கரையின் மாலுமிகளும் இவ்வகைப் பலகையைக் கையாண்டனர். இதன் அடிப்படை எளியது: துருவமீன் அடிவானுக்கு மேல் எத்தனை பாகை உயர்ந்து தோன்றுகின்றதோ, ஏறத்தாழ அத்தனை பாகையே அவ்விடத்தின் அகலக்கோடு. பருத்தித்துறையில் அது ஏறத்தாழ 10 பாகை. பதுளையில் ஏறத்தாழ 7 பாகை. பதுளையில் அம்மீனை மலை மறைத்துவிடும் இடங்களே மிகுதி.

இவ்வறிவு அற்பமானதன்று. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் யாழ்ப்பாண மாலுமிகளுடன் 1938 இல் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகத்தைச் சென்றடைந்தது. 1976 இல் மைக்குரோனீசியத் தீவொன்றைச் சேர்ந்த மௌ பியாயிலுக், ஹொக்குலேயா என்னும் இரட்டை ஓடத்தை ஹவாயிலிருந்து தாகித்தி வரை எவ்விதக் கருவியுமின்றி விண்மீனையும் அலையையும் கொண்டே செலுத்தினார். ஏட்டில் எழுதி முடிக்க இயலாத, ஆயினும் உடலும் கண்ணும் அறிந்த இத்தகைய அறிவையே தத்துவவியலாளர் மைக்கேல் பொலானி 'உள்ளுறை அறிவு' என்ற கருத்தால் விளக்கினார். நாம் சொல்லக்கூடியதிலும் மிகுதியாக அறிந்திருக்கின்றோம் என்பதே அவர் கருத்தின் சாரம்.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை வேண்டும். மரபு, புதுமை என்னும் பிரிவு நிலையானதன்று. இன்று மரபுக் கருவியென நாம் போற்றும் காந்தத் திசையறிகருவியும் ஒரு காலத்திற் புதுமையே. விண்மீனை மட்டுமே நம்பிய முதிய மாலுமி, ஊசியொன்றை நம்பிக் கடலிற் செல்லும் இளைஞனைக் கண்டு நகைத்திருக்கக்கூடும். ஆகவே பழையது என்பதனாலேயே ஒன்று உயர்ந்ததாகாது.

மின்னணுக் கருவியின் பேறு

இனி, மறுபக்கத்தை நோக்குவோம். இருபதாயிரம் கிலோமீற்றருக்கு மேல் உயரத்தில் உலகைச் சுற்றும் செயற்கைக்கோள்கள் தத்தம் நேரத்தை ஓயாது அறிவித்த வண்ணம் உள்ளன. அவற்றுள் நான்கின் சைகையேனும் கிடைக்குமாயின், கையடக்கக் கருவி தன் இடத்தைக் கணித்துவிடும். 2000 மே மாதம் வரை ஐக்கிய அமெரிக்கா பொதுமக்களுக்குரிய சைகையில் வேண்டுமென்றே பிழையைப் புகுத்தியிருந்தது. அது நீக்கப்பட்டதும் நூறு மீற்றர் அளவில் இருந்த பிழை பத்து மீற்றர் அளவுக்குச் சுருங்கிற்று. பின்னர் அக்கருவி சிறு மீனவரின் வள்ளத்திலும் இடம்பெற்றது.

இதனால் விளைந்த நன்மையைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையாகாது. முகில் மூடிய இரவில் விண்மீன் வழிகாட்டாது; புயலிற் பனையும் கோபுரமும் தெரியா. பழைய நாட்களிற் கரை திரும்பாத வள்ளங்கள் எத்தனை என்பதை அக்கரையின் கைம்பெண்களே அறிவர். அன்றியும், பழைய அறிவு எல்லோருக்கும் கிட்டியதன்று. தந்தை மகனுக்கும், மாமன் மருமகனுக்கும் என அது சிலர் கையிலேயே தங்கியிருந்தது. பல்லாண்டுப் பயிற்சியால் மட்டுமே பெறக்கூடிய வழியறிவின் ஒரு பகுதியை மின்னணுக் கருவி சில நாட்களில் ஓர் இளைஞனுக்கு அளித்துவிடுகின்றது. அறிவைப் பொதுவுடைமையாக்கும் எதுவும் அறத்தின் பக்கமே நிற்கின்றது எனத் துணிந்து கூறலாம்.

ஆனால் அறிவு பொதுவாயிற்றா, அறிவின் பயன் மட்டும் பொதுவாயிற்றா என்பது ஆராயத்தக்கது. பிளேட்டோ தமது பீட்ரசு என்னும் உரையாடலில் ஒரு பழங்கதையைச் சொல்கின்றார். எழுத்தைக் கண்டுபிடித்த தெய்வம் எகிப்திய மன்னனிடம் வந்து, இது நினைவாற்றலை வளர்க்கும் எனப் பெருமையுற, மன்னனோ இது மறதியையே வளர்க்கும் என மறுத்துரைத்தான் என்பது அக்கதை. வெளியேயுள்ள குறியை நம்புவோர் உள்ளேயுள்ள அறிவை இழப்பர் என்பதே அவன் அச்சம். அச்சம் முற்றிலும் மெய்யாகவில்லை. எழுத்தில்லாத உலகை நாம் விரும்புவதுமில்லை. எனினும் அவன் சொன்னதில் ஒரு பகுதி உண்மை உண்டு என்பதைக் கடல் காட்டியிருக்கின்றது.

1995 சூன் மாதத்தில் பெர்மியூடாவிலிருந்து பொஸ்ரன் நோக்கிச் சென்ற ரோயல் மெஜஸ்ரி என்னும் பெரும் பயணிகள் கப்பல் நன்ரக்கெற் தீவின் அருகே மணற்றிட்டில் ஏறிற்று. அதன் செயற்கைக்கோட் கருவியின் உணர்கொம்புக் கம்பி பயணந் தொடங்கிச் சிறிது நேரத்திற் கழன்றுவிட்டது. சைகை இழந்த கருவி, கப்பலின் வேகத்தையும் திசையையும் மட்டும் கொண்டு இடத்தை ஊகித்துக் காட்டத் தொடங்கிற்று. திரையில் இலக்கங்கள் வழமைபோல் ஓடிக்கொண்டிருந்தன. முப்பத்து நான்கு மணித்தியாலத்துக்கு மேலாக எவரும் ஐயுறவில்லை. கப்பல் தன் வழியினின்று ஏறத்தாழ 17 மைல் விலகியிருந்தது. நல்வாய்ப்பாக உயிரிழப்பு நேரவில்லை.

இவ்வுண்மையை ஏட்டுப்படிப்பின்றியே அறிந்திருந்த ஒருவரை வடமராட்சிக் கரையிற் காண நேர்ந்தது. அம்முதிய மீனவரின் வள்ளத்தில் மின்னணுக் கருவியும் இருந்தது. அதன் அருகே கண்ணாடி மங்கிய பழைய திசையறிகருவியும் இருந்தது. "ஐயா, புதியது இருக்கும்போது இது எதற்கு?" என வினவியபோது அவர் சிரித்துக்கொண்டே, "தம்பி, உது பிழைச்சால் பிழைச்சதெண்டு சொல்லாது. அதுதான் இதையும் வைச்சிருக்கிறன்" என்றார்.

ஒன்றையொன்று சாராத இரு சாட்சிகள் வேண்டும் என்பதே அவர் சொன்னதன் பொருள். ஐக்கிய அமெரிக்காவின் கடற்படைக் கல்லூரியும் தான் கைவிட்டிருந்த விண்மீன்வழிக் கணிப்பை 2015 இல் மீண்டும் கற்பிக்கத் தொடங்கியமை அதே விவேகத்தின்பாற் பட்டதாகும். பழையதா புதியதா என்னும் விவாதத்துக்கு நடைமுறை விடை இதுவே: இரண்டும் வேண்டும். விவாதம் இத்துடன் முடிந்திருக்கலாம். ஆனால் அறவினா இங்கேதான் தொடங்குகின்றது.

கருவி யாருக்குச் சொல்கின்றது?

சிறு வள்ளத்தின் சிறப்பு யாதெனில், கருவியைப் படிப்பவனும் சுக்கானைப் பிடிப்பவனும் ஒருவனே என்பதாகும். கருவி தவறினால் அதன் விளைவை அனுபவிப்பவனும் அவனே. அறிதல், தீர்மானித்தல், விளைவைத் தாங்கல் என்னும் மூன்றும் அங்கு ஒருவனிடத்தே கூடியிருக்கின்றன. பொறுப்பு என்னும் சொல்லுக்கு இதனினும் தெளிவான பொருளை வேறெங்கும் காணல் அரிது.

அறிவு மிகும்போது பொறுப்பும் மிகுகின்றது என்பதற்குப் பாக்குநீரிணையே சான்று. 1974, 1976 ஆகிய ஆண்டுகளின் உடன்படிக்கைகளால் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே கடலெல்லை வகுக்கப்பட்டது. அவ்வெல்லை நீரின்மீது எழுதப்பட்டதன்று; விண்மீனைப் பார்த்தும் காற்றை முகர்ந்தும் அதனை அறிய இயலாது. மின்னணுத் திரையிலேயே அக்கோடு முதன்முறையாகக் கண்ணுக்குப் புலனாயிற்று. திரையைப் பார்த்தவன் 'அறியாது வந்தேன்' எனச் சொல்லும் வாய்ப்பை இழந்தான். எல்லை கடத்தல் குறித்த அரசியல் வழக்கு இங்கு எமது பொருளன்று. புதிய கருவி புதிய ஆற்றலைத் தருவதோடு பழைய மன்னிப்பொன்றையும் பறித்துக்கொள்கின்றது என்பதே மனங்கொள்ளத்தக்கது.

இனி வேறொரு கருவியை நோக்குவோம். 2015 சனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கையிலிருந்து மீன் இறக்குமதி செய்வதைத் தடைசெய்தது. 2016 சூனில் அத்தடை நீங்கிற்று. ஆழ்கடலிற் பல நாட்கள் தங்கும் கலங்களிற் கண்காணிப்புக் கருவிகளைப் பொருத்தியமை அத்தடை நீங்குவதற்கு மேற்கொள்ளப்பட்ட நடவடிக்கைகளுள் ஒன்றாகும். அதுவும் செயற்கைக்கோளுடன் தொடர்புடையதே. அதுவும் கலத்தின் இடத்தையே அறிகின்றது. ஆனால் அது கலத்தில் உள்ளவனுக்குச் சொல்வதற்காக வைக்கப்பட்டதன்று. கரையில் உள்ள அலுவலகத்துக்குச் சொல்வதற்காக வைக்கப்பட்டது. அதன் தேவையை நாம் மறுக்கவில்லை. எனினும் ஒரே நுட்பம் ஒருகால் மாலுமியின் கண்ணாகவும், மற்றொருகால் மாலுமியின் மேல் வைத்த கண்ணாகவும் அமையலாம் என்பது இதனாற் புலப்படும்.

தோட்டத்தில் வளர்ந்தோருக்கு இது புதிய செய்தியன்று. கொழுந்து நிறுக்கும் இடத்திற் பழைய தராசின் முகம் பெரும்பாலும் கணக்கப்பிள்ளையின் பக்கமே திரும்பியிருக்கும். முதுகிற் கூடையோடு வரிசையில் நிற்கும் பெண்ணுக்கு முள் எங்கே நின்றதென்று தெரியாது. அவர் சொல்லும் இறாத்தலே அவளது இறாத்தல். பின்னர் மின்னணுத் தராசு வந்தது. இலக்கம் துல்லியமாயிற்று; சில இடங்களில் அவளும் காணத்தக்கதாயிற்று. ஆனால் சாக்குக்காகவும் ஈரத்துக்காகவும் எவ்வளவு கழிப்பது என்பதைத் தீர்மானிக்கும் கை அவளுடையதாகவில்லை. துல்லியம் வேறு, நீதி வேறு என்பதை எந்த நூலும் கற்பிக்குமுன் அவள் அறிந்திருந்தாள்.

மலையின் குறிகளும் மழைமானியும்

இவ்விடத்து எமது மலைக்கே திரும்புவோம். மலைச்சரிவும் ஒருவகையிற் கடலே. அது நகராதது போலத் தோன்றி நகர்வது. அதனை அறியவும் இருவகை வழிகள் உள. முதலாவது, அங்கு வாழ்வோரின் கண். நிலத்திலும் சுவரிலும் புதிதாக வெடிப்புத் தோன்றுதல், நேராக நின்ற மரமும் கம்பமும் சாய்தல், கதவு திடீரென இறுகிப் பூட்ட மறுத்தல், தெளிந்த ஊற்று கலங்கி வருதல், வழமையான ஊற்று மறைந்து வேறோரிடத்திற் கசிதல் ஆகியன மலை அசைகின்றது என்பதற்குக் குறிகள். மாலுமிக்கு நீரின் நிறம் எத்தகையதோ, லயத்தில் வாழ்வோருக்கு ஊற்றின் நிறம் அத்தகையது.

இரண்டாவது, கருவியின் கண். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1990 இல் மண்சரிவு அபாய வரைபடமிடுதலைத் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்டவை பதுளை, நுவரெலியா மாவட்டங்களே. இன்று தன்னியக்க மழைமானிகள் மழையளவை உடனுக்குடன் அனுப்புகின்றன. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைக் கடந்தால் விழிப்பு, 100 ஐக் கடந்தால் ஆயத்தம், 150 ஐக் கடந்தால் வெளியேற்றம் என மூன்று படிகளில் எச்சரிக்கை விடுக்கப்படுகின்றது. மழையின் சீற்றத்தை இலக்கமாக மாற்றி, அவ்விலக்கத்தைச் செயலாக மாற்ற முனையும் இவ்வொழுங்கு மதிக்கத்தக்கது.

எனினும் 2014 ஒக்ரோபர் 29 ஆம் நாட் காலையில் நிகழ்ந்ததை நாம் அறிவோம். ஹல்துமுல்லைப் பிரதேசத்தில், கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்த தோட்டத்தில் மலை இறங்கி வந்து லயங்களை மூடிற்று. 30 க்கு மேற்பட்டோர் இறந்தும் காணாமலும் போயினர். பாடசாலைக்குப் புறப்பட்டுச் சென்றிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பி வருகையில் வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை.

அங்கே அறிவு இல்லாதிருந்ததா? இல்லை. அவ்விடம் ஆபத்தானதென்றும் மக்களை அகற்ற வேண்டுமென்றும் 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. கருவி தவறவில்லை, வரைபடம் தவறவில்லை. முன்னோர் வழி வந்த கண்ணும் முற்றாகக் குருடாகிவிடவில்லை. மரபறிவா மின்னணுவா என்னும் விவாதத்தில் எவ்விடையைத் தேர்ந்தாலும் மீரியபெத்தவைக் காத்திருக்க முடியாது. திசை அறியப்பட்டிருந்தது, சுக்கானே திருப்பப்படவில்லை.

ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

'எச்சரிக்கை விடுக்கப்பட்டும் மக்கள் அகலவில்லை. எனவே பொறுப்பில் அவர்களுக்கும் பங்குண்டு' என்னும் வாதம் அன்று முன்வைக்கப்பட்டது. செல்வதற்கு வேறிடம் தரப்படவில்லை என்பதே மக்களின் விடையாயிருந்தது. இவ்வாதத்தை உணர்ச்சியால் ஒதுக்கிவிடாது நியாய முறையில் நோக்குதல் வேண்டும்.

ஒருவனைப் பொறுப்பாளி என்பதற்கு அவன் அறிந்திருந்தான் என்பது மட்டும் போதாது. வேறு விதமாகச் செய்ய அவனால் இயன்றிருக்கவும் வேண்டும். புயல் வருகின்றது எனக் கேட்டும் கரை திரும்பாத மாலுமியை நாம் குறை கூறலாம்; சுக்கான் அவன் கையில் இருந்தது, கரையும் அவனுக்காகத் திறந்திருந்தது. அடித்தட்டில் இருக்கும் பயணியிடம் 'பாறை முன்னே உள்ளது' எனச் சொல்லிவிட்டு, பின்னர் அவன் மூழ்கியபோது 'முன்னரே சொன்னோமே' என்பது எத்தகைய அறம்? அச்சொல் அவனுக்கு எச்சரிக்கையாக அமையவில்லை. சொன்னவருக்குக் காப்பாகவே அமைந்தது.

லயத்தில் வாழ்வோரின் நிலை பயணியின் நிலைக்கே நெருங்கியது. தோட்டக் காணிகள் 1972, 1975 ஆம் ஆண்டுகளின் சீர்திருத்தங்களால் அரசின் வசமாயின. 1992 முதல் அவற்றின் நிருவாகம் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் சென்றது. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தோர்க்கு வீட்டின்மீதோ வீடிருந்த நிலத்தின்மீதோ உரித்து இருக்கவில்லை. 1948 இல் குடியுரிமை இழந்தோரின் வழிவந்தோருள் எஞ்சியிருந்தவர்களுக்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே அது முழுமையாயிற்று. வேலை எங்கேயோ அங்கேயே வீடு. வேலையை விட்டால் வீடும் இல்லை. இந்நிலையில் 'அகன்று செல்' என்னும் ஏவலுக்கு 'எங்கே?' என்னும் வினாவன்றி வேறு விடை யாது? மீரியபெத்தவில் தப்பியோருக்குப் புதிய வீடுகள் கிடைத்தது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளின் பின்னராகும். முன்னரே கிடைத்திருக்கக்கூடிய ஒன்று, மரணத்தின் பின் கிடைத்தது.

பிளேட்டோ தமது குடியரசு நூலில் அரசைக் கப்பலுக்கு ஒப்பிடுகின்றார். விண்மீனையும் காற்றையும் பருவத்தையும் கற்ற மெய்யான மாலுமியைப் பயனற்ற வானோக்கி என ஏளனஞ் செய்துவிட்டு, அறியாதோர் சுக்கானுக்காகச் சண்டையிடுகின்றனர் என்பது அவ்வுவமை. அறிந்தவனிடம் சுக்கானைக் கொடுங்கள் என்பது அவர் முடிபு. அவ்வுவமையில் மக்கள், சற்றே செவிடும் பார்வைக் குறையும் உள்ளவராயினும், கப்பலின் உடைமையாளராகவேனும் வருகின்றனர். எமது தோட்டங்களிலோ அவர்கள் உடைமையாளருமல்லர், மாலுமியருமல்லர். ஆதலால் பிளேட்டோவின் முடிபு எமக்குப் போதாது. அறிந்தவரிடம் சுக்கான் இருக்க வேண்டும் என்பதோடு, விளைவைத் தாங்குவோரின் கையும் அதன்மேல் இருக்க வேண்டும் என நாம் கூட்டியுரைக்க வேண்டியவராகின்றோம்.

இதனாற் குடியிருப்போர் பொறுப்பிலிருந்து முற்றாக விடுபடுகின்றனர் எனக் கருதலாகாது. வெடிப்பைக் கண்டவன் அறிவியாதிருப்பதும், கலங்கிய ஊற்றைக் கண்டவள் 'எப்போதும் இப்படித்தான்' என வாளாவிருப்பதும் தவறே. கருவி வந்துவிட்டது, அலுவலகம் பார்த்துக்கொள்ளும் என்னும் எண்ணம் மலைவாழ்வோரின் கண்ணை மழுக்குமாயின், ரோயல் மெஜஸ்ரி கப்பலோட்டிகளின் தவற்றையே நாமும் செய்பவராவோம். மழைமானி பொருத்தப்பட்ட இடத்தில் மழை குறைந்தும், அடுத்த மலையில் மிகுந்தும் பெய்யலாம். அதனை அடுத்த மலையில் வாழ்பவனே அறிவான்.

முடிவுரை

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி இலங்கையைத் தாக்கியபோது நாடெங்கும் 600 க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களின் மலைச்சரிவுகளிலேயே இழப்பு மிகப் பெரிதாயிருந்தது. மீரியபெத்தவுக்குப் பின் பதினோராண்டுகள் கடந்தும், மழையை அளக்கும் ஆற்றல் வளர்ந்த அளவுக்கு, அளந்ததற்கேற்ப இடம்பெயரும் ஆற்றல் சரிவுகளில் வாழ்வோரிடம் வளரவில்லை என்பதை இவ்விழப்பு நினைவூட்டுகின்றது.

ஆகவே கருவிகளை மதிப்பிடுவதற்கு மூன்று வினாக்களை நாம் முன்வைக்கலாம். இக்கருவி யாருக்குச் சொல்கின்றது? கேட்டவர் அதற்கேற்பச் செயற்படும் உரிமையும் வசதியும் உடையவரா? கருவி தவறினால் அதனைக் கண்டறியும் இரண்டாம் சாட்சி உண்டா? இம்மூன்றுக்கும் தக்க விடை கிடைக்குமாயின், கருவி பழம்பலகையாயினும் செயற்கைக்கோளாயினும் அது நன்று. கிடைக்காதாயின், எத்துணைத் துல்லியமான கருவியும் அழிவைத் துல்லியமாகப் பதிவு செய்யும் ஏடாக மட்டுமே அமையும்.

இவ்வினாக்களின் நடைமுறைப் பயன் பெரிது. லயத்துக்கு அருகிலுள்ள எளிய மழைமானியை அங்கு வாழ்வோரே படிக்கட்டும். 75, 100, 150 என்னும் எண்கள் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கட்டும். மூத்தோர் அறிந்த மலைக்குறிகள் தொகுக்கப்பட்டுப் பாடசாலைகளிற் கற்பிக்கப்படட்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, 'எங்கே செல்வது?' என்னும் வினாவுக்கு மழைக்கு முன்னரே விடை இருக்கட்டும். உறுதியான நிலத்தில், உறுதியான உரித்தோடு அமைந்த வீடே அவ்விடை. அவ்வீடில்லாத ஒருவனுக்கு மழைமானியின் இலக்கம் எதனையும் திருப்பும் கருவியாகாது.

மலையகத்தின் பிள்ளைகள் பலர் இன்று பல்கலைக்கழகங்களிற் பயில்கின்றனர். பதுளையிலேயே ஊவா வெல்லசப் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. அளவையியலும் புவியியலும் கணினியியலும் கற்கும் மாணவர் நாளை கருவிகளை அமைப்போராவர், வரைபடங்களை வரைவோராவர், எச்சரிக்கைகளை எழுதுவோராவர். அவர்களுடைய பாட்டன்மார் தோணியின் அடித்தட்டில், திசையறியாது, பிறர் பிடித்த சுக்கானை நம்பி இக்கரை வந்தனர். அவர்தம் பேரர் திசையறியக் கற்றுக்கொண்டமை மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் அடித்தட்டில் இன்னும் மக்கள் அமர்ந்திருக்கின்றனர் என்பதையும், திசையறிந்தவர் முதலிற் பேசவேண்டியது அவர்களோடு என்பதையும் நாம் மறவாதிருப்போமாக.